ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தால் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டாம்

வணக்கம் அம்மா. வலது பர்னர் நீலமாகவே எரிகிறது, இடது பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்து பால் சட்டியைக் கரியாக்குகிறது, சிலிண்டரை மாற்றலாமா என்று திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே ரெகுலேட்டர். பழுது அங்கே என்றால் இரண்டு பர்னருமே மஞ்சளாக எரியும்.

மஞ்சள் என்றால் எரிவாயுவோடு போதிய காற்று கலக்கவில்லை. ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஆறிய பிறகு பித்தளை மூடியை எடுத்துச் சோப்பு நீரில் ஊறவைத்துத் துளைகளைத் தேயுங்கள். பொங்கிய பாலும் கஞ்சியும் அங்கேதான் காய்ந்து கிடக்கும். நன்றாக உலர்ந்த பின்பே மாட்டுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், அடுப்புக்கு அடியில் காற்று நுழையும் குழாயின் வாயைப் பாருங்கள். சிலந்தி வலையோ தூசியோ அடைத்திருக்கலாம். நம் பக்கத்துப் புழுதிக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால், யார் சொன்னாலும் ஜெட்டை, அதாவது வாயு வெளிவரும் சிறு துளையுள்ள முனையை, ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் வாயு கூடுதலாக வந்து மஞ்சள் இன்னும் மோசமாகும். அது மெக்கானிக் வேலை.

ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். 5 ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வாயு வாடை வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.