நோர்டாலா, லாட்ரப்பா?

கேள்வி: ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய கால்பந்து வீரர்களில் ஸ்வீடனின் குன்னர் நோர்டாலே தலைசிறந்தவர் என்கிறார் என் தாத்தா. டென்மார்க்கின் மைக்கேல் லாட்ரப் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: லாட்ரப்பின் ஆட்டத்தில் நீங்கள் மனத்தைப் பறிகொடுத்ததில் வியப்பே இல்லை. கண்கள் ஒரு பக்கம் பார்த்திருக்க, பந்து மறுபக்கத்தில் ஓடிவரும் சக வீரரின் காலடிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். 1994 ஜனவரியில் ரியால் மாட்ரிட்டை 5-0 என வீழ்த்திய பார்சிலோனா அணியில் இருந்த அவர், மறு ஆண்டே அதே பார்சிலோனாவை 5-0 என வீழ்த்திய மாட்ரிட் அணியிலும் இருந்தார். ஆனால் டென்மார்க் ஐரோப்பியக் கோப்பையை வென்ற 1992-இல் அவர் அணியில் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

ஆயினும் என் வாக்கு தாத்தாவுக்குத்தான். தீயணைப்பு வீரராகப் பணிபுரிந்த நோர்டால், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, மறு ஆண்டு மிலான் அணிக்குச் சென்று, தற்காப்புக்குப் பெயர்பெற்ற இத்தாலிய லீக்கில் அந்த அணிக்காக மட்டும் 210 கோல்கள் அடித்தார்; ஐந்து முறை அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அவரே. தொழில்முறை வீரர்களை ஸ்வீடன் அன்று தேசிய அணியில் சேர்க்காததால், 33 ஆட்டங்களில் 43 கோல்களோடு அவரது சர்வதேச ஆட்டம் நின்றுபோனது. அவருடன் மிலானில் ஆடிய லீட்ஹோம், அந்த விதி தளர்ந்தபின் 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். அதற்குள் நோர்டாலுக்கு வயது 36 ஆகியிருந்தது.