ஜெட் ஸ்கியின் அடியில் விரிசல்: வீட்டு ஷெட்டிலேயே ஒட்டலாமா?

கேள்வி: பழைய ஜெட் ஸ்கி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அரை மணி நேரம் ஓட்டினால் உள்ளே ஒரு பக்கெட் தண்ணீர் சேர்கிறது. எம்-சீல் அப்பினேன், இரண்டே சவாரியில் உரிந்துவிட்டது. குப்பத்தில் ஃபைபர் படகு ஒட்டுபவர், "மேட் போட்டு ரெசின் அடித்தால் போதும்" என்கிறார். ஷெட்டில் நானே செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவர் சொல்லும் ரெசினை இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

அவர் சொல்வது அவருடைய படகுக்குச் சரி. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் ஃபைபர் படகுகள் பெருகின, அவற்றை ஒட்டத் தெரிந்த கைகளும் பெருகின. அந்தப் படகுகள் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) பாலியெஸ்டர் ரெசினுமாகக் கையால் பூசிச் செய்தவை. அதன் மேல் பாலியெஸ்டர் நன்றாகவே பிடிக்கும். ஜெட் ஸ்கிகளில் பல அப்படிச் செய்தவை அல்ல. கண்ணாடி இழையும் ரெசினும் கலந்த கலவையைச் சூடான அச்சில் வைத்து அழுத்தி எடுத்தவை. எஸ்.எம்.சி. என்பார்கள். அச்சில் ஒட்டாமல் வர வேண்டும் என்று வழுக்கும் பொருளைக் கலவையிலேயே சேர்த்திருப்பார்கள். அதனால் பாலியெஸ்டர் அதில் அரைகுறையாகத்தான் ஒட்டும், சில மாதத்தில் பொருக்கு மாதிரி கிளம்பும். எபாக்சி ரெசின்தான் பிடிக்கும். கையால் பூசிய பழைய உடலிலும் எபாக்சி ஒட்டும் என்பதால், சந்தேகம் வந்தால் எபாக்சிதான்.

வேறொரு வகையும் உண்டு. சீ-டூ ஸ்பார்க் போன்றவற்றின் உடல் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அதில் எபாக்சியும் ஒட்டாது. விரிசல் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி தூசி வந்தால் ஃபைபர். நூல் நூலாகச் சுருண்டு வந்தால் பிளாஸ்டிக். அதை பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் விரிசல் வழியாகத்தான் வருகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்டியை டிரெய்லரில் வைத்து, பேட்டரியைக் கழற்றி, வடிகால் மூடியைப் பூட்டி, உள்ளே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, எங்கே சொட்டுகிறது என்று அடியில் பாருங்கள். விரிசலில் சொட்டாவிட்டால், சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் பக்கம் கண்ணை ஓட்டுங்கள். சீல் போனதற்கு ரெசின் அடித்துப் பயனில்லை.

அப்புறம் பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். ஃபைபரைத் தேய்க்கும் கிரைண்டரின் பொறியும் பெட்ரோல் ஆவியும் ஒரே ஷெட்டில் இருக்கவே கூடாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்காமல், பழைய டயர்களின் மேல் ஒருக்களித்துச் சாயுங்கள். எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் சாய்த்தால் சைலன்சரில் நிற்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும்.

இனிதான் வேலையே. முதலில் அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். துடைக்காமல் தேய்த்தால் மேலே இருக்கும் மெழுகையும் எண்ணெயையும் நீங்களே உள்ளே ஏற்றிவிடுவீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. பிறகு விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு என்பது கணக்கு. உடல் 4 மி.மீ. கனம் என்றால் விரிசலின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 5 செ.மீ., அதாவது மூன்று விரல் அகலம். நல்லாயிருக்கும் ஃபைபரை இவ்வளவு தேய்க்க மனசு வராது. ஆனால் ஒட்டு நிற்பதே இந்தச் சரிவில்தான். உங்கள் எம்-சீல் உரிந்ததும் இதனால்தான்: பிடித்துக்கொள்ளச் சரிவும் இல்லை, இழுவை தாங்க இழையும் இல்லை.

மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை கட்டாயம். அரிப்பு வந்தால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.

தேய்த்த இடம் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

இழைக்கு, படகுக்குப் போடும் மேட் வேண்டாம். அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரையும், எபாக்சியில் கரையாது. நெய்த கண்ணாடி இழைத் துணி அல்லது பையாக்சியல் (இரு திசையில் இழை ஓடும்) துணி வாங்குங்கள். பெரிய துண்டு முதலில், அதன் மேல் படிப்படியாகச் சிறியவை. எபாக்சியையும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருக்கும் எடை விகிதத்தில் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். கலந்ததை மக்கிலேயே வைத்திருந்தால் நம்மூர் வெயிலுக்குச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். தட்டையான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். துணி கண்ணாடி மாதிரி தெளியும்வரை ரோலரால் உருட்டுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் மேலே மெழுகு போல ஒரு வழவழப்பு இருக்கும். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். பட்டி பார்த்து, டூ-பேக் பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள். ஃபைபர் படகுக்கு வெளிப்பூச்சாக அடிக்கும் ஜெல்கோட் எபாக்சி மேல் சரியாக இறுகாமல் படுத்தும்.

ஒரு வாரம் கடல் பக்கம் போகாதீர்கள். எட்டாம் நாள் மறுபடி அதே இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் டேங்கை மாட்டலாம்.