பிளேடுக்குப் பின்னால் இருக்கும் தகடு: டேபிள் சா கேள்வி பதில்

காவேரிப்பட்டினத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். டேபிள் சா (மேசை நடுவே சுழலும் வட்ட பிளேடில் மரத்தைத் தள்ளி அறுக்கும் மெஷின்) வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பாலக்கோடு தம்பி: அண்ணா, புது மெஷின் பெட்டியில் பிறை மாதிரி ஒரு இரும்புத் தகடு இருந்தது. கடையில் அது வேண்டாம் என்றார்கள். மாட்டணுமா?

இன்றைக்கே மாட்டிவிடுங்கள் தம்பி. அதன் பெயர் ரைவிங் நைஃப். பேர்தான் கத்தி, எதையும் வெட்டாது. பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்கி மரத்தை டேபிளோடு அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலே எழும். அறுத்த வாய் மூடி பிளேடைக் கவ்வினாலோ, மரம் கோணி, அதை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பான ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கினாலோ, அந்தப் பின்பற்கள் மரத்தைத் தூக்கி நம்மேல் வீசிவிடும். இதுதான் கிக்பேக். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். கையால் பிடித்து நிறுத்தும் வேகமா அது?

நம் பக்கத்து மாமரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரியாகக் காயாத மாம்பலகையை நெடுக்காக அறுங்கள். பிளேடைத் தாண்டியதும் இரண்டு பாதியும் மெல்ல நெருங்கி, காகிதம்கூட நுழையாதபடி ஒட்டிக்கொள்ளும். நடுவில் அந்தத் தகடு நின்றால் வாய் மூடாது. தகடு இல்லாத பழைய மெஷினில் வேலை செய்த காலத்தில், இரண்டடிச் சட்டம் ஒன்று என் இடுப்பில் அடித்துப் பத்து நாள் படுத்துக் கிடந்தேன். இப்போதும் பிளேடுக்கு நேராக நிற்க மாட்டேன், ஒரு பக்கம் ஒதுங்கித்தான் நிற்பேன்.

பிளேடு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தகடு பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

பர்கூர்: 12 அங்குலப் பலகையில் 2 அங்குலமாக ஆறு துண்டு போட்டேன். கடைசித் துண்டு மட்டும் ஏன் குறைந்தது?

பிளேடு தின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இதற்குக் கெர்ஃப் என்று பெயர், சேதாரம் என்றால் நமக்குப் புரியும். சாதாரண பிளேடு ஒரு வெட்டுக்கு 3.2 மில்லிமீட்டர், அதாவது ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) எடுக்கும். ஆறு துண்டுக்கு ஐந்து வெட்டு, ஆக ஐந்து நூல் போச்சு. உங்கள் கடைசித் துண்டை அளந்து பாருங்கள், ஒன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

காரிமங்கலம்: 24 பல், 60 பல், எதை வாங்குவது?

நெடுக்கு அறுப்புக்கு 24. நார் நீளநீளமாக வருவதால் பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி வேண்டும். குறுக்கு அறுப்புக்கும் பிளைவுட்டுக்கும் 60, ஓரம் பிசிறாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40.

ஊத்தங்கரை: சின்னத் துண்டுகளைக் குறுக்கே வெட்ட ஃபென்ஸையும் மைட்டர் கேஜையும் (குறுக்கு வெட்டுக்கு மரத்தைப் பிடித்துத் தள்ளும் கருவி) சேர்த்து வைக்கலாமா?

கூடவே கூடாது. வெட்டுப்பட்ட துண்டு நகர வழியில்லாமல் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிப் பறக்கும். ஒரே அளவு வேண்டுமென்றால், பிளேடுக்கு வெகு முன்னாலேயே ஃபென்ஸில் ஒரு கட்டையைப் பிடித்து வைத்து அதில் அளவு எடுங்கள். தள்ளும்போது மரம் அந்தக் கட்டையை விட்டு விலகியிருக்கும்.

கிருஷ்ணகிரி அக்கா ஒருவர்: கதவு நிலைக்கு மரம் பார்க்கப் போனால் வைரம், வெள்ளை என்கிறார்களே?

மரத்தின் உள்பக்கம், நிறம் ஏறிய பகுதி வைரம். பட்டையை ஒட்டிய வெளிர்ந்த பகுதி வெள்ளை, பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும். தேக்கு, வேங்கை எதுவானாலும் சட்டத்தின் வெட்டு முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள் அக்கா, இரண்டும் பிரிந்து தெரியும். சாயம் பூசிய சட்டமாக இருந்தால் ஒரு முனையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள்.

அரூர்: பிளேடு எவ்வளவு உயரம் நிற்கணும்?

பலகைக்கு மேலே ஒரு பல் முழுசாகத் தெரிந்தால் போதும், இரண்டு நூல் என்று வையுங்கள். அப்புறம், குறுகிய சட்டத்தைக் கையால் தள்ளாதீர்கள். பழைய ரீப்பர் துண்டின் முனையில் ஒரு காடி (பள்ளம்) வெட்டினால் தள்ளுகட்டை தயார். அதை ஃபென்ஸ் மேலேயே வைத்திருங்கள், தேடும்படி வைத்தால் அவசரத்தில் கைதான் போகும்.