கைத்துப்பாக்கியின் நைட் சைட், அதாவது இருட்டில் குறிபார்க்க உதவும் ஒளிரும் புள்ளிகள், பேட்டரி இல்லாமல் எப்படி ஒளிர்கிறது? அதைத் தயாரிக்கும் டிரைஜிகான் யாருடைய கம்பெனி?

உள்ளே இருப்பது டிரிட்டியம் வாயு. ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. அரிசிமணியை விடச் சின்ன கண்ணாடிக் குழாயில் அதை அடைத்து, குழாயின் உட்சுவரில் பாஸ்பர் என்ற, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொருளைப் பூசியிருப்பார்கள். டிரிட்டியம் சிதையும்போது வரும் எலக்ட்ரான்கள் அந்தப் பூச்சில் மோத மோத அது பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும், அணைக்கவும் முடியாது. முன்னால் ஒரு புள்ளி, பின்னால் இரண்டு, மூன்றும் ஒரே வரிசையில் வந்தால் குறி சரி. கதிர்வீச்சு என்று பயப்பட வேண்டாம், அந்த எலக்ட்ரான்களால் கண்ணாடியைத் தாண்ட முடியாது. ஆனால் டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுதான், அதாவது அதற்குள் பாதி சிதைந்து ஒளியும் மங்கிவிடும். அதனால் பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் இருட்டறையில் வைத்துப் பார்ப்பது நல்லது.

டிரைஜிகான் அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கிளின் பிண்டன் என்ற பொறியாளர், அங்கே தயாரான ஆர்ம்சன் குறிநோக்கிகளை இறக்குமதி செய்து விற்க 1981-இல் தொடங்கியது. 1985-இல் இந்தப் பெயருக்கு மாறி சொந்தத் தயாரிப்பில் இறங்கியது. அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளில் இருக்கும் ஏகாக் தொலைநோக்கியும் இவர்களுடையதுதான். பிண்டன் 2003-இல் விமான விபத்தில் இறந்தார்.

அப்புறம் அந்த பைபிள் விவகாரம். ஏகாக்கின் மாடல் எண்ணுக்குப் பின்னாலேயே, ஏதோ சீரியல் நம்பர் மாதிரி, 'ஜே.என் 8:12' என்று பொறித்திருந்தார்கள். ஜே.என் என்பது ஜான், அதாவது யோவான். யோவான் சுவிசேஷத்தில் 'நான் உலகத்திற்கு ஒளி' என்று இயேசு சொல்லும் வசனம் அது. ஒளிரும் பொருளுக்கு ஒளி வசனம், குறும்புதான்! ஆனால் அதே துப்பாக்கியோடு ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் போர் நடந்துகொண்டிருந்ததால், 2010-இல் செய்தி வெளியானதும் பெரிய சர்ச்சையானது. ராணுவத்துக்குப் போகும் சரக்கில் இனிப் பொறிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு, ஏற்கெனவே போனவற்றில் அழிக்கக் கருவியும் இலவசமாகக் கொடுத்தார்கள்.