12 லட்சம் கடனும் மகளின் நோட்டுப் புத்தகமும்

விருதுநகரிலிருந்து போன வாரம் ஓர் அம்மா பேசினார். மகள் பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்துவிட்டாள், "இதுக்கு வேலையே இல்லையாமே மேடம்" என்று ஆரம்பித்தவர், பெங்களூர் பெரியப்பா எம்.பி.ஏ. ஹெச்.ஆர். சீட்டுக்குப் பேசிவைத்திருப்பதையும், அதற்கு 12 லட்சம் கல்விக்கடன் வேண்டியிருப்பதையும், வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்று அப்பா யோசிப்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதார். பயப்படாதீர்கள் என்றுதான் நானும் முதலில் சொன்னேன். மகளோடு அரை மணி நேரம் பேசியபிறகு அந்த ஆறுதலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அம்மா, பயப்படுங்கள். ஆனால் சைக்காலஜியைப் பார்த்து அல்ல, அந்தக் கடனைப் பார்த்து. கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி பிணை கேட்கும். உங்களிடம் பிணை என்று இருப்பது அந்த ஒரு வீடு. விருப்பமே இல்லாத பெண்ணை அதை நம்பி அனுப்பாதீர்கள். பெரியப்பாவுக்கு நல்ல மனசு இருக்கலாம், தவணை கட்டப்போவது அவர் இல்லையே.

உங்கள் பெண் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். கடைசி வருடம் ஒரு சிறப்புப் பள்ளியில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போனபோது எழுதியது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், 'செடி' எழுதச் சொன்னால் 'ச' போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுகிறானாம். கவனக்குறைவு என்று எல்லோரும் திட்ட, இவள் மட்டும் நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள்: அவன் காதில் விழும் வரிசையில் எழுதுகிறான். தமிழில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். அப்புறம் கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒட்டி, பிரிக்க முடியாதபடி கொடுத்திருக்கிறாள். அதே நோட்டின் பின்பக்கங்களில், அந்தப் பள்ளிக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பிய பேராசிரியை பற்றி இரண்டு பக்கம், விடியற்காலையில் பஸ் ஏற்றிவிட்ட அப்பா பற்றி ஒரு பக்கம். ஹெச்.ஆர். பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் சைக்காலஜி சேர்ந்தபோது என் மாமா "கீழ்ப்பாக்கத்துக்கா போற?" என்று சிரித்தார். 1794-இலிருந்து நடக்கும் அந்த மனநலக் காப்பகத்துக்கு எங்கள் ஆசிரியர் நிஜமாகவே கூட்டிப்போனார். என் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

எம்.எஸ்ஸி., குரூப் தேர்வு எல்லாம் ஊரே சொல்லும், அதை விட்டுவிடுகிறேன். அவள் சித்தப்பா சொன்னதாக நீங்கள் சொன்ன "தபால் வழியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி" வேண்டவே வேண்டாம்; தொலைநிலைக் கல்வியில் சைக்காலஜி நடத்தக்கூடாது என்று 2025-இல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது.

நான் சொல்வது பி.எட். சிறப்புக் கல்வி, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் படிப்பு. இரண்டு வருடம், பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் போதும். செவித்திறன், பார்வை, அறிவுத்திறன், ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று பிரிவுகள் உண்டு. படிக்க, எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்கான அந்தக் கடைசிப் பிரிவுதான் இவளுக்குப் பொருந்தும். கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். முடித்ததும் கவுன்சிலில் பதிவெண் வாங்கவேண்டும், 1992 மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அது இல்லாமல் இந்த வேலை செய்வது குற்றம். சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள், தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

வேலை? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 குறைபாடுகளை ஏற்றது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு உச்சநீதிமன்றத்தின் 2021 தீர்ப்பில் வந்தது. பல பள்ளிகள் இன்னும் அந்த இடத்தை நிரப்பவில்லை. தனியாரில் ஆரம்பச் சம்பளம் சுமார்தான், மறைக்கமாட்டேன். ஆனால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

எம்.பி.ஏ. சீட்டுக்கு முன்பணம் கேட்டு மறுபடி போன் வந்தால் பத்து நாள் தவணை சொல்லுங்கள். அதற்குள் அப்பா அந்தச் சிறப்புப் பள்ளிக்கு மகளோடு ஒருமுறை போய்வரட்டும். அந்தப் பையன் இப்போது 'செடி' சரியாக எழுதுகிறானாம்.