மிச்சக் கொப்பிகளும் வாசிக்க மறுக்கும் பிள்ளைகளும்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். மகன் தரம் 6, மகள் தரம் 3. ஒவ்வொரு வருடமும் பாதி எழுதிய கொப்பிகள், கட்டைப் பென்சில்கள், காய்ந்துபோன கலர்ப் பேனைகள் என்று ஒரு பை நிறைய மிஞ்சுகிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை. மற்றது, இரண்டு பேரும் பாடப்புத்தகம் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். மகள் இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். ஒரு கதைப்புத்தகம் முடித்தால் 100 ரூபாய் என்று சொல்லிப் பார்த்தேன், முதல் கிழமையோடு சரி. எனக்குப் புறக்கோட்டையில் கடை வேலை, வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகிவிடும். என்ன செய்யலாம்?"

பதில்:

கொப்பி ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம் என்று இரண்டு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். ஆரம்பப் பிரிவில் படிப்பித்து, பிறகு பாடசாலை நூலகத்தைப் பொறுப்பெடுத்துப் பார்த்த எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. தன் கையால் ஒரு புத்தகம் செய்த பிள்ளைக்கு மற்றவர்கள் செய்த புத்தகத்தையும் திறந்து பார்க்க ஆசை வரும். அதற்கு வேண்டிய சாமான் முக்கால்வாசி உங்கள் பைக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் அந்த 100 ரூபாயை நிறுத்துங்கள். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறுவர் பள்ளியில் ஓர் ஆய்வு நடந்தது. கலர்ப் பேனையால் படம் கீற விருப்பமுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, படம் கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றவர்களுக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. பிறகு பேனைகளைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை. முன்பே பேரம் பேசிவிட்டால் விளையாட்டும் வேலையாகிவிடுகிறது. அந்தக் காசைச் சேர்த்து வைத்து, செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அங்கே அவர்களே தெரிவு செய்யட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.

சரி, இனிக் கொப்பிக்கு வருவோம். எடைக்குப் போட மனம் வராதது நியாயம்தான். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள், அதையெல்லாம் பார்த்தவர்கள் நாம். ஆனால் வெற்றுத் தாளைக் கொப்பியிலிருந்து கிழித்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 80 பக்கக் கொப்பி என்பது நடுவில் மடித்துப் பின் அடித்த 20 தாள். முன்பாதியில் ஓர் ஒற்றையைக் கிழித்தால் பின்பாதியில் அதன் சோடியும் கழன்று வரும். ஆகவே கிழிக்காதீர்கள். நடுப்பக்கத்தை விரித்து, தேக்கரண்டியின் காம்பால் இரண்டு பின்களையும் நிமிர்த்தி வெளியே இழுத்துவிடுங்கள். மகள் 30 பக்கம் எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருக்கும் 5 தாளும் இரண்டு பக்கமும் முழு வெறுமையாக வரும். வெளியே இருக்கும் 15 தாளில் ஒரு பாதி எழுதியது, மறுபாதி வெற்று. அந்த 15ஐயும் மடிப்பில் வெட்டிப் பிரித்துவிடலாம். முழுத்தாளை நடுவில் தைத்துக் கதைப்புத்தகமாக்குங்கள். பாதித் தாளை அடுக்கி ஓரத்தில் தைத்தால் குறிப்புப் புத்தகம்.

நடுத்தையல் சுலபம். நான்கு முழுத்தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம், ஒரு குட்டிக் கதைக்கு அது தாராளம். மேலட்டைக்குப் பால்மாப் பெட்டியின் அட்டையை அளவுக்கு வெட்டி, வெளிப்பக்கம் பழைய பிரவுண் பேப்பரை ஒட்டுங்கள். மடிப்பின்மேல் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலேயும் கீழேயும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒவ்வொன்று. கவராயத்தின் கூர்முனை இதற்கு நல்ல கருவி, ஆனால் மடித்த துவாயின்மேல் வைத்து நீங்களே குத்துங்கள். பிறகு ஊசி நூலை மகளின் கையில் கொடுங்கள். ஊசி உள்பக்கமிருந்து நடுத்துளையால் வெளியே வர வேண்டும், உள்ளே ஒரு சாண் நூல் மிஞ்சட்டும். வெளியிலிருந்து மேல்துளையால் உள்ளே. நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே. கடைசியாக வெளியிலிருந்து நடுத்துளையால் உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளேயே, நீளமாக ஓடும் நூலின் இருபக்கமும் இருக்கும். அந்த நீள நூலைப் பிடித்தபடி இறுக்கி முடிச்சுப் போட்டால் புத்தகம் கழலாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் தரம் கொஞ்சம் கோணும். நீங்கள் பிரித்துத் திருத்த வேண்டாம்.

இந்தப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பாடப்புத்தகக் கதையைப் பார்த்தெழுத வைத்தால் அது இன்னொரு வீட்டுவேலை. மகள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், அவள் சொன்ன சொல்லிலேயே. "நேற்று மழை பெய்தது. எங்கட பல்கனிக்குள்ள தண்ணி வந்திட்டுது. அம்மா துணியெல்லாம் ஓடி ஓடி எடுத்தா." பக்கத்துக்கு ஒரு வரி, கீழே அவள் கீறும் படம். பேச்சுத் தமிழை எழுதிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு முதல் தேவை, அடுத்த சொல் என்னவென்று ஊகிக்க முடிகிற வாசகம். அது அவளுடைய வாயிலிருந்து வந்த வாசகமாக இருந்தால் கண் தடுமாறினாலும் மனம் முந்திக்கொண்டு போய்ப் பிடித்துவிடும். நாலைந்து புத்தகம் போன பிறகு "வந்திட்டுது" பக்கத்தில் "வந்துவிட்டது" தானாக வந்து சேரும். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இந்த வழியைத்தான் பிடித்தார். இன்றைக்கு உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். தான் கேட்டு வாங்கிய சொல்லைப் பிள்ளை லேசில் மறப்பதில்லை.

எழுத்துக்கூட்டுவது பற்றி இன்னொன்று. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். "தோ" என்ற எழுத்தில் கண் முதலில் இரட்டைக் கொம்பை (ே) பார்க்கிறது, பிறகு "த", பிறகு அரவு (ா). மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு ஒலி. மகள் தடங்கி நிற்கும் இடங்களை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் இப்படியான எழுத்தாகத்தான் இருக்கும். இதற்குக் கணிதத்துக்கு வாங்கிய சதுரக் கொப்பி நன்றாக உதவும். நான்கு சதுரத்துக்கு ஒரு எழுத்தாகப் பெரிதாக எழுதி, பால்மா அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். கொம்பும் அரவும் தனித்தனித் துண்டாக இருக்கட்டும். "தோடம்பழம்" வைக்க எட்டுத் துண்டு வேண்டும். அடுக்கி, குலைத்து, திரும்ப அடுக்கி விளையாடும்போது கொம்பு எந்த எழுத்தோடு சேர்கிறது என்று விரலுக்கே பழகிவிடும். துண்டுகளைப் பழைய கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டு வைத்தால் தொலையாது.

வாசிக்கும்போது வரி தாவுகிறாள் என்றால் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து நகர்த்தட்டும். அப்படியும் தாவினால், எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், ஒருமுறை கண் பரிசோதனை செய்யுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கட்டைப் பென்சிலை மை தீர்ந்த தடித்த பேனைக் கூட்டுக்குள் செருகினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். காய்ந்த கலர்ப் பேனையின் உள்திரியை உருவி, நிறத்துக்கு ஒன்றாகச் சின்ன மூடியில் கொஞ்சத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் வர்ணத் தண்ணீர் தயார். புத்தகப் படங்களுக்கு அது போதும். வெண்பலகைப் பேனையில் இது சரிவராது, அது வேறு மை. பாடசாலைச் சட்டையோடு இந்த வேலைக்கு உட்கார விடாதீர்கள். கடையில் வாங்க வேண்டியது பிறிஸ்டல் போட் ஒன்றிரண்டும் பசையும்தான். உங்களுக்கு மலிபன் வீதி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே பார்த்து வாங்கலாம்.

மகனுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும். அவனுக்கு ஓரத்தையல் போட்ட சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, கொழும்பு வீதிகளில் தமிழ் எழுத்துப்பிழை பிடிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கின்றன, அதில் தமிழ் எத்தனை இடத்தில் பிழையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பஸ் யன்னலோரம் இருந்து பார்த்து, பிழையான சொல், சரியான சொல், கண்ட இடம் மூன்றையும் எழுதட்டும். ஐயமென்றால் அகராதியைத் திறப்பான். யாரும் வாசி என்று சொல்லாமலே வாசித்துக்கொண்டிருப்பான். கிரிக்கெட் பைத்தியமென்றால் வீரகேசரியிலோ தினகரனிலோ வரும் ஆட்டச் செய்தியை வெட்டிப் பாதி எழுதிய சீ.ஆர். கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் தன் கருத்தை எழுதட்டும். அணித்தெரிவு பிழை என்று அவன் இரண்டு வரி எழுதினால் அது பெரிய விஷயம். அவனுடைய தரம் 4, 5 தமிழ்ப் பாடப்புத்தகங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தால் வெட்டாதீர்கள். தங்கைக்கு இப்போதைக்கு அவை கதைப்புத்தகங்கள்தான், பரீட்சைக்கு இல்லை. பாடசாலை திருப்பிக் கேட்டால் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

நீங்கள் எட்டரைக்கு வருகிறீர்கள். பரவாயில்லை, சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் போதும், படுக்கையிலேயே. நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். முடிந்ததும் "கதையில் வந்த ராஜாவின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து நாம் எல்லாவற்றிலும் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தால் மறுநாள் அவர்களே தேடிப் பார்ப்பார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் வாசியுங்கள், எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது மருந்து. பிந்தி வரும் நாட்களுக்கு, கடையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் ஒரு கதையைத் தொலைபேசியில் வாசித்துப் பதிவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மகள் புத்தகத்தை விரித்து, அடிமட்டத்தை வரிக்குக் கீழே நகர்த்தியபடி உங்கள் குரலைப் பின்தொடரட்டும்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டிய நகரத்தில் நீங்கள் இல்லை. 1925இல் தொடங்கிய கொழும்பு பொது நூலகம் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாநகர சபைக்கு நகருக்குள் கிளை நூலகங்களும் உண்டு, உங்கள் வீட்டுக்குக் கிட்ட எது என்று விசாரியுங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. பிள்ளைகள் தொலைபேசியை விடமாட்டார்கள் என்றால் அதிலேயே "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளத்தைத் திறந்து காட்டுங்கள். 2005 முதல் நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், இலவசம். மகளுக்குப் புத்தகம் எடுக்கும்போது நடுவில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடிக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடிந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு உங்கள் வாய்க்கு, அவள் காதுக்கு. ஒன்றிரண்டு விரல் என்றால் அவளே வாசிக்கலாம்.

இவ்வளவும் எடுத்த பிறகு மிஞ்சும் எழுதிய தாள்களைத் தயங்காமல் எடைக்குப் போடுங்கள். பின்களைக் கழற்றிவிடுங்கள். மேலட்டையில் பிள்ளையின் பெயர், பாடசாலை, வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தால் அதை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.