பூ மாதுளை: இலை செழிக்கிறது, பூ எங்கே?

கேள்வி: அழகுக்காக வைத்த மாதுளை மூன்று வருடத்தில் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. இலை தளதளவென்று இருந்தும் பூ ஒன்றிரண்டுதான். வருடத்துக்கு மூன்று முறை ஒரே மட்டமாகக் கத்தரிக்கிறோம். புல்தரைக்குப் போடும் யூரியாவையே இதற்கும் போடுகிறோம். என்ன குறை?

பதில்: கத்தரிப்பு, யூரியா இரண்டுமே காரணம். மாதுளை மொட்டு வைப்பது அந்தப் பருவத்தில் விட்ட புதுத் துளிரின் நுனியிலும், பக்கவாட்டில் வரும் குட்டைக் கிளைகளின் நுனியிலும்தான். வேலிச்செடியை நறுக்குவதுபோல மட்டம் தட்டினால் முதலில் போவது அந்த நுனிகளே. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தோ (பொட்டாசியம்) துளியும் இல்லை. அது இலையையும் நீண்ட போத்துகளையும் வளர்த்துவிட்டுப் பூவைத் தள்ளிப்போடும்.

இனி வருடத்துக்கு ஒரே கத்தரிப்பு போதும். குளிர்ப் பகுதியானால் கடும் குளிர் விலகி, துளிர் விடுவதற்குச் சற்று முன்பு செய்யுங்கள். வெப்பப் பகுதியில் பூத்து ஓய்ந்த பிறகு செய்யலாம். முதலில் அடியிலிருந்து கிளம்பும் போத்துகளைத் தரையோடு எடுங்கள்; சும்மா விட்டால் செடி புதராகி, சத்தெல்லாம் அங்கேயே போய்விடும். மூன்று முதல் ஐந்து தண்டு இருந்தால் நல்லது. அடுத்து காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை. மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் வெட்டாதீர்கள். வெளிப்புறக் குட்டைக் கிளைகளில் கத்தரி படவே கூடாது.

யூரியாவுக்குப் பதில் வருடம் ஒருமுறை 5 கிலோ மக்கிய தொழு உரம், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக. புல்தரைக்குப் போடும் உரமும் வேருக்கு எட்டும், அதனால் செடியைச் சுற்றி இடைவெளி விட்டுத் தூவுங்கள். இவ்வளவும் செய்து பூக்கவில்லை என்றால் நிழலைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் எந்த உரமும் உதவாது.

கேள்வி: ஒற்றை இதழ் மாதுளை நிறையப் பூக்கிறது, ஆனால் பெரும்பாலான பூக்கள் கொட்டிவிடுகின்றன. நோயா?

பதில்: கொட்டிய பூவை எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். காம்பை நோக்கிக் கூம்பாக ஒடுங்கி மணி வடிவில் இருந்தால் அது ஆண் தன்மையுள்ள பூ. சூலகம் வளராததால் காய் பிடிக்காது, உதிர்வது இயல்பு. அடி பருத்துக் குடம்போல இருக்கும் பூதான் காயாகும். குடப் பூக்களும் உதிர்ந்தால் தண்ணீரைக் கவனியுங்கள். மண்ணை நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாக வெள்ளம் விடுவதே வழக்கமான காரணம். பிடித்த காய் வெடிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் வேர் வரை நனையும்படி ஊற்றி, காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணுக்கு மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டி மூடாக்கு வேண்டாம், பட்டை அழுகும்.

கேள்வி: அடுக்கு இதழ் மாதுளையை விதை போட்டு வளர்க்கலாமா?

பதில்: அடுக்குப் பூவில் இதழ்கள் பெருகியிருப்பதால் பெரும்பாலும் காயே பிடிக்காது, குச்சிதான் வழி. பென்சில் தடிமனில் முற்றிய ஒரு வருடக் குச்சியை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடிவெட்டு ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகவும், மேல்வெட்டு நேராகவும் இருந்தால் தலைகீழாக நட்டுவிடாமல் இருக்கலாம். மணலும் மக்கு உரமும் சமமாகக் கலந்து, குச்சியில் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கி நடுவதில்தான் பலர் குச்சியை இழக்கிறார்கள். முதல் துளிர் குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே வரும். தொட்டியின் அடித்துளையில் வேர் தெரியும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: தொட்டியில் உள்ள குட்டை மாதுளை குளிர்காலத்தில் மொட்டையாகிவிட்டது. பட்டுப்போனதா?

பதில்: பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உறங்குகிறது. தண்ணீரைக் குறையுங்கள், துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.